22 வயசுல ரிட்டயர்டு

ஞாயித்துக்கிழமைன்னா ராத்திரி ஒம்பதரைக்கு மேல என் போன் அடிக்கும். எடுத்தா முதல்ல காத்து சத்தம்தான் கேக்கும். அப்பறம்தான் "டேய் மாப்ள, கேக்குதா?". எங்க இருந்து பேசறேன்னு கேட்டா சொல்ல மாட்டான், சொல்லக்கூடாதாம். குளுருதுன்னு மட்டும் சொல்லுவான். மூணு வாரத்துக்கு முன்னாடி வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிஞ்சு, வைக்கப்போற நேரத்துல ஒண்ணு கேட்டான்.

"நான் வெளிய வந்தா நம்ம காலேஜ்ல திரும்ப சேத்துக்குவாங்களாடா? சேந்தா டீம்ல ஆடலாமா?"

எனக்கு பதில் தெரியல. விசாரிச்சு சொல்றேன்னேன். அப்படி விசாரிக்கப் போன கதைதான் இது. கொஞ்சம் சுத்தி வளைச்சுப் போகும், பொறுத்துக்கங்க.

அவன் என் பெஞ்சு. பி.காம் முதல் வருஷம், மூணாவது வரிசை, ஜன்னல் ஓரம். அவங்கப்பா ஒரு பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர், அம்மா செக்கிங். சனிக்கிழமை சம்பளம் வாங்குற வீடு. அவனும் லீவு நாள்ல ஒண்ணரை ஷிப்ட் பேக்கிங் வேலைக்குப் போய்ட்டு வருவான். ஃபுட்பால்ல ரைட் விங். எங்க ஊர்ல ஃபுட்பால் ஆடறேன்னு சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க. எல்லாம் கிரிக்கெட்தான். 2025ல டி.என்.பி.எல். கோப்பைய திருப்பூர் தமிழன்ஸ் ஜெயிச்சதுக்கப்பறம் கேக்கவே வேண்டாம். எங்க காலேஜ் டீமுக்கு பதினோரு பேர் சேர்றதே பெரிய பாடு. இருக்கறதுல நிஜமாவே ஆடத்தெரிஞ்சது அவன் ஒருத்தன்தான்.

முதல் வருஷம் முடியறதுக்குள்ள அக்னிவீர்ல போய்ட்டான்.

இதுல நான் மறைக்காம சொல்ல வேண்டிய ஒண்ணு இருக்கு. அப்ளிகேஷன் போட்டது ரெண்டு பேருமேதான். அவன்தான் என்னையும் போட வச்சான். 1.6 கிலோமீட்டர அஞ்சரை நிமிஷத்துக்குள்ள ஓடினா முழுசா 60 மார்க், பத்து தடவை கம்பியில தொங்கி எந்திரிச்சா 40 மார்க். காலைல அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் ஓடுவோம். அவன் அஞ்சு நிமிஷம் இருவது செகண்டு, நான் ஆறரை. ஆனா நான் போகாததுக்கு அது காரணமில்ல. ஆன்லைன் பரிட்சை அன்னிக்கு எங்கம்மா காலைல இருந்து சாப்பிடல. அழுகவும் இல்ல, ஒண்ணும் சொல்லவும் இல்ல, சாப்பிடல, அவ்வளவுதான். நான் ஹால் டிக்கெட்ட மடிச்சு புக்குக்குள்ள வச்சுட்டு வீட்டுலயே இருந்துட்டேன். அவன் தனியா கோயமுத்தூர் போய் எழுதிட்டு வந்தான். "ஏண்டா வரல"ன்னு அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கு வரைக்கும் கேக்கல. அதனால அவன் ஒரு வேலை சொன்னா என்னால தட்ட முடியாது.

முதல்ல காலேஜ் ஆபீஸ். ஜன்னல்ல இருந்தவர் விஷயத்தைக் கேட்டுட்டு, "டி.சி. வாங்கிட்டுப் போய்ட்டாரா?" ன்னார். வாங்கிட்டான் சார்ன்னேன். "அப்ப புது அட்மிஷன்தான். சிலபஸ் மாறியிருக்கும், ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து வரணும்." மிலிட்டரிக்குப் போனவங்களுக்கு தனியா ஏதாச்சும் இருக்கான்னு கேட்டேன். "எக்ஸ் சர்வீஸ்மேன் பசங்களுக்கு கோட்டா இருக்கு தம்பி." பசங்களுக்கு இல்லீங் சார், அவனுக்கேன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, "அப்ப வந்தா பாத்துக்கலாம்" ன்னு ஜன்னல சாத்திட்டார்.

அவரைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. இந்தக் கேள்விய அவர்கிட்ட இதுக்கு முன்னாடி யாரும் கேட்டிருக்கவே மாட்டாங்க. நம்மூர்ல மிலிட்டரிக்காரர்னாலே முப்பத்தஞ்சு நாப்பது வயசு, மீசை, பென்ஷன், ஏதாவது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி கேட்ல செக்யூரிட்டி. பழைய முறையில சேந்தவங்க பென்ஷனுக்கு 15 வருஷமாவது இருந்தாகணும். வெளிய வரும்போது பிள்ளை ஹைஸ்கூல் போய்ட்டு இருக்கும், அவர் எங்க காலேஜுக்கு வர்றது? 2022 ஜூன்ல அறிவிச்ச அக்னிபத் திட்டத்துல கணக்கே வேற. பதினேழரை வயசுல இருந்தே எடுக்கறாங்க, நாலு வருஷம், அப்பறம் நூத்துக்கு இருவத்தஞ்சு பேர் வரைக்கும்தான் உள்ள. மத்தவங்க வெளிய. பென்ஷன் கிடையாது, எக்ஸ் சர்வீஸ்மேன்ங்கற அந்தஸ்தும் கிடையாது. முதல் பேட்ச் பயிற்சிக்குள்ள போனது 2023 ஜனவரில. அவங்களுக்கு நாலு வருஷம் முடியறது 2027 தொடக்கத்துல. அதுக்கப்பறம் இருவத்திரெண்டு இருவத்திமூணு வயசு முன்னாள் சிப்பாய்ங்க வருஷா வருஷம் ஊருக்குத் திரும்புவாங்க. இப்படி ஒரு ஆளுங்கள நம்மூரு காலேஜ் ஆபீஸ் ஜன்னல் இதுவரைக்கும் பாத்ததில்ல.

அடுத்து பி.டி. மாஸ்டர். அவர் நல்ல மனுசன், உக்கார வச்சு கணக்குப் போட்டார். யுனிவர்சிட்டிகளுக்கு இடையில நடக்கற போட்டிகள்ல 25 வயசு வரைக்கும்தான். "உங்காளு பதினெட்டரையில போனான். இருவத்திரெண்டரையில வருவான். முதல் ரெண்டு வருஷம் தாராளமா ஆடலாம். மூணாவது வருஷம்தான் பார்டர், பொறந்த தேதிய பாத்து சொல்றேன்." அப்பறம் தனக்குத்தானே பேசற மாதிரி, "நாலு வருஷம் டெய்லி ஓடிட்டு வருவான்ல, ஸ்டேமினா எப்படி இருக்கும்..." ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனார். அவர் முகத்துல அப்ப ஒரு வெளிச்சம் வந்துது பாருங்க, எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அவர் கஷ்டம் அவருக்கு.

இந்த மாதிரி பட்டாளத்துல இருந்து வந்து காலேஜ்ல பந்து ஆடினவங்க உலகத்துல எங்கயாச்சும் இருக்காங்களான்னு தேடிப் பாத்தேன். அமெரிக்காவுல இருக்காங்க. ஆனா அவங்க ஃபுட்பால்னு சொல்றது கையில தூக்கிட்டு ஓடற ஆட்டம். (காலால தொடறது எப்பவோ ஒரு தடவை, பேரு மட்டும் ஃபுட்பால். வெள்ளைக்காரன் வச்ச பேரு, நாம என்ன கேக்க முடியும்.)

அதுல ஒருத்தர் நேட் போயர். 1981ல பொறந்தவர். கிரீன் பெரே-ங்கற சிறப்புப் படையில இருந்தவர், ஈராக், ஆப்கானிஸ்தான் ரெண்டும் பாத்தவர். 2010ல டெக்சாஸ் யுனிவர்சிட்டில முதல் வருஷம் சேரும்போது வயசு 29. அதுவரைக்கும் எந்த டீம்லயும் அந்த ஆட்டம் ஆடினதே இல்ல. ஸ்காலர்ஷிப் இல்லாம "நானும் வர்றேன்"ன்னு போய் நின்னு செலக்ட் ஆகியிருக்கார். ஆடறதுக்கு சான்ஸ் கிடைக்கல. டீம்ல யாரும் ஆசைப்படாத ஒரு இடம் இருந்துது, லாங் ஸ்னாப்பர். குனிஞ்சு நின்னு ரெண்டு காலுக்கு நடுவுல பந்தை பின்னாடி உதைக்கறவன்கிட்ட குறி தப்பாம எறியறதுதான் வேலை. சரியா எறிஞ்சா யாருக்கும் அவன் பேர் தெரியாது, தப்பா எறிஞ்சாத்தான் தெரியும். அதைக் கத்துக்கிட்டு 2012ல இருந்து மூணு சீசன் ரெகுலரா ஆடியிருக்கார். கோடை லீவுல மறுபடியும் ராணுவப் பணிக்குப் போய், அங்கயும் பந்தை எறிஞ்சு பழகியிருக்கார். 2015ல 34 வயசுல சியாட்டில் சீஹாக்ஸ் டீம் அவரை எடுத்து, சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே விட்டுருச்சு. 2016ல கேப்பர்னிக்ங்கற ஆட்டக்காரர் தேசிய கீதத்தப்ப உக்காந்து போராட்டம் பண்ணினாரே, உக்கார வேண்டாம், மண்டி போடுன்னு யோசனை சொன்னது இதே போயர்தான். அது தனியா எழுத வேண்டிய கதை.

இன்னொருத்தர் டேனியல் ரோட்ரிகஸ். இவர் கதைய படிச்சுட்டு அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. ஸ்கூல் முடிச்ச கொஞ்ச நாள்ல அப்பா இறந்துட்டார், பட்டாளத்துல சேந்துட்டார். 2009 அக்டோபர் 3ம் தேதி ஆப்கானிஸ்தான்ல காம்தேஷ் பக்கம் மலைக்கு நடுவுல, பள்ளத்துல இருந்த ஒரு சின்ன முகாம். சுத்தி மலை மேல இருந்து நூத்துக்கணக்கான தாலிபான்கள் சுடறாங்க. அன்னிக்கு அமெரிக்க வீரர்கள் 8 பேர் செத்தாங்க. அதுல ஒருத்தர் கெவின் தாம்சன், இவரோட சினேகிதர். உயிரோட ஊருக்குப் போனா காலேஜ்ல ஃபுட்பால் ஆடுவேன்னு அவர்கிட்ட இவர் சொல்லியிருந்திருக்கார். ஊருக்கு வந்து குடி, தூக்கமில்லாம திரியறது எல்லாம் நடந்திருக்கு, அதை அவரே புத்தகமா எழுதியிருக்கார். அப்பறம் ஒரு சின்ன காலேஜ்ல சேந்து, தான் பயிற்சி பண்றதை வீடியோ எடுத்து யூ-டியூப்ல போட, அதைப் பாத்து 2012ல கிளெம்சன் யுனிவர்சிட்டி எடுத்துக்கிச்சு. ஆளு குள்ளம், அஞ்சடி எட்டு அங்குலம்தான். 2013 நவம்பர்ல சொந்த மைதானத்துல கடைசி மேட்ச்ல ஒரு டச்-டவுன் அடிச்சார். எதிர் டீம் சிட்டடல், அதுவும் ஒரு மிலிட்டரி காலேஜ்!

அங்கயும் எல்லாம் சுலபமா நடந்துடல. 2013ல ஸ்டீவன் ரோட்ஸ்னு ஒரு மரைன், அஞ்சு வருஷ சர்வீஸ் முடிச்சு காலேஜுக்கு வந்தார். காலேஜ் விளையாட்டுகளைப் பாத்துக்கற என்.சி.ஏ.ஏ.ங்கற அமைப்பு, நீ இந்த வருஷம் ஆடக்கூடாதுன்னுருச்சு. காரணம், ராணுவ முகாம்ல பொழுதுபோக்கா நடந்த ஒரு லீக்ல ஆடியிருக்கார். அதுல ரெஃப்ரி இருந்தாராம், யூனிஃபார்ம் போட்டாங்களாம், ஸ்கோர் எழுதினாங்களாம், அதனால அது "முறையான போட்டி"யாம்! ஊரே திட்டவும் சில நாள்ல விதிய தளர்த்தி ஆட விட்டுட்டாங்க. ஜன்னல சாத்தறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்கன்னு தெரிஞ்சதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் :-)

இவங்க இப்படி வர முடிஞ்சதுக்கு பின்னாடி ஒரு சட்டம் இருக்கு. 1944ல ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட ஜி.ஐ. பில். போர் முடிஞ்சு திரும்பினவங்களுக்கு காலேஜ் ஃபீஸ், கைச்செலவுக்குப் பணம் எல்லாம் அரசாங்கம் குடுத்துது. 1947ல அமெரிக்க காலேஜ்கள்ல சேந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப்பேர், சரியா சொன்னா 49 சதவீதம், முன்னாள் வீரர்கள். மொத்தமா 22 லட்சம் பேர் அந்தச் சட்டத்துல காலேஜ் போயிருக்காங்க. பாதி வகுப்பு பட்டாளத்துக்காரனா இருந்தா எந்த வாத்தியார் "லேட்டா ஏன் வந்தே"ன்னு கேப்பார்?

நம்ம பக்கமும் ஒண்ணுமே இல்லைன்னு சொல்லக்கூடாது. அக்னிவீரர்களுக்காக இக்னோ மூலமா மூணு வருஷ டிகிரின்னு 2022லயே அறிவிச்சாங்க. சர்வீஸ்ல கத்துக்கற வேலைக்கே பாதி கிரெடிட், மீதி பாதிக்கு பாடம் படிக்கணும். காகிதத்துல நல்ல ஏற்பாடுதான். ஆனா அதுல பெஞ்சு இல்ல, கிரவுண்டு இல்ல. அவன் கேட்டது டிகிரி கிடைக்குமான்னு இல்லையே.

இதை எங்க மாமாகிட்டத்தான் கேட்டேன். மாமா மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாரா வந்தவர். இப்ப ஒரு கம்பெனி கேட்ல இருக்கார். ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு எங்களோட ஆட வந்துருவார், கோல் கீப்பர். எங்க ஞாயித்துக்கிழமை டீமே ஒரு கதம்பம்: எங்க பசங்க நாலு பேர், ஒடிசா, அசாம்ல இருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவங்க ஆறேழு பேர், பாலக்காட்டுக்காரர் ஒருத்தர், அப்பறம் மாமா. மாமா இந்தில கத்துவார், அவங்க சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க.

மாமாவுக்கு தெய்வம்னா பீட்டர் தங்கராஜ்தான். ஹைதராபாத்ல பொறந்த தமிழர், 1953ல ராணுவத்துல சேந்து, வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் டீம்ல ஆடினவர். முதல்ல ஃபார்வர்டு ஆடி, அப்பறம் கீப்பரானவர். 1955லயும் 1958லயும் டூரண்ட் கோப்பைய அந்த டீம் ஜெயிச்சுது. யோசிச்சுப் பாருங்க, நம்ம ஊட்டி மலை மேல இருக்கற ஒரு பட்டாள முகாம் டீம், இந்தியாவோட பழமையான கோப்பைய ரெண்டு தடவை தூக்கியிருக்கு. தங்கராஜ் 1956, 1960 ஒலிம்பிக், 1962 ஆசிய விளையாட்டு தங்கம்னு போனார், 1967ல அர்ஜுனா விருது. பட்டாளம் முடிச்சதும் அவர் போனது கல்கத்தா கிளப்புகளுக்கு. மாமா அதே வெலிங்டன்ல ரெக்ரூட்டா இருந்தப்ப இந்தக் கதைய கேட்டுத்தான் கீப்பராயிட்டாராம். கோல் விழும்போதெல்லாம் இந்தக் கதைய ஆரம்பிச்சுருவார், அது வேற விஷயம்.

மேட்ச் முடிஞ்சு டீ குடிக்கும்போது அவன் கேட்டதைச் சொன்னேன். மாமா ரொம்ப நேரம் டம்ளரையே பாத்துட்டு இருந்தார்.

"நானும் வந்தவுடனே தபால்ல பி.ஏ. சேந்தேன், தெரியுமா கண்ணு?"

எனக்குத் தெரியாது. வீட்ல யாரும் சொன்னதில்ல.

"ரெண்டு கான்டாக்ட் கிளாஸ் போனேன். பாடம் கஷ்டமில்ல. எல்லாம் உன்ர வயசுப் பசங்க. வாத்தியார் வந்தாரு, நான் மட்டும் டக்குனு எந்திரிச்சு நின்னுட்டேன், அட்டென்ஷன்ல. எல்லாம் சிரிச்சுப்போட்டாங்க. தப்பா ஒண்ணும் சிரிக்கல, சின்னப் பசங்க. ஆனா அதுக்கப்பறம் போகல."

"அதுக்காவுங் மாமா விட்டீங்க?"

"அதுக்காவ மட்டுமில்ல. பதினேழு வருசம் எந்திரின்னா எந்திரிச்சு, ஓடுன்னா ஓடி, பக்கத்துல படுத்திருக்கறவன் மூச்சு சத்தம் மொதக்கொண்டு பழகிப் போச்சு. வெளிய வந்தா ஒருத்தனும் ஒண்ணும் சொல்றதில்ல. எங்க வேணா போ, எப்ப வேணா தூங்கு. அது எத்தனை கஷ்டம்னு உனக்குச் சொன்னா புரியாது. இங்க கிரவுண்டுல நான் பந்தை விட்டா நாலு பேரு என்னையத் திட்டறாங்கல்ல, அதுக்குத்தான் வர்றேன்."

போயரும் ரோட்ரிகஸும் ஏன் பேசாம படிச்சு டிகிரிய வாங்கிட்டுப் போகாம, அடிபடற ஆட்டத்துக்குப் போய் நின்னாங்கன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. 29 வயசுக்காரர் 18 வயசுப் பசங்க நடுவுல கிளாஸ்ல உக்காந்தா அவர் ஒரு வேடிக்கை. அதே ஆளு டீம்ல நின்னா அவருக்கு ஒரு இடம் இருக்கு, நம்பர் இருக்கு, திட்டறதுக்கு ஆள் இருக்கு. அவன் என்கிட்ட ரெண்டு கேள்வி கேக்கல போலிருக்கு. ரெண்டும் ஒரே கேள்விதான்.

சரி, பணம். காமர்ஸ்காரன் இதைப் பேசாம முடிக்கக்கூடாது. முதல் வருஷம் சம்பளம் மாசம் 30,000, ரெண்டாவது 33,000, மூணாவது 36,500, நாலாவது 40,000. ஒவ்வொரு மாசமும் 30 சதவீதம் பிடிச்சு சேவா நிதில போடறாங்க. நாலு வருஷத்துக்கு கூட்டினா 5,02,200. அரசாங்கம் அதே அளவு போடுது. வட்டியோட 11.71 லட்சம்னு திட்டத்துல சொல்லியிருக்காங்க, வரி கிடையாது. நாலு வருஷம் கழிச்சு ஒரே தடவையா கைக்கு வரும்.

அவங்க வீட்ல அந்தப் பணத்துக்கு இப்பவே திட்டம் இருக்கு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப அவங்கப்பா கம்பெனில ஆர்டர் நின்னு, ஒண்ணரை ஷிப்ட் ஒரு ஷிப்டாச்சு, அப்பறம் வாரத்துல நாலு நாளாச்சு. அந்த மாசங்கள்ல குடும்பம் ஓடினது இவன் அனுப்பின காசுலதான். அப்பத்துல இருந்து அவங்கப்பா சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: பையன் வந்ததும் ஓவர்லாக் ரெண்டு, ஃபிளாட்லாக் ரெண்டு வாங்கிப்போட்டு சொந்தமா ஜாப் ஒர்க் யூனிட் வச்சுரலாம், இன்னொருத்தன்கிட்ட கை கட்டி நின்னது போதும். நான் போன தீவாளிக்கு அவங்க வீட்டுக்குப் போயிருந்தப்ப, எந்த சுவர் ஓரமா எந்த மெஷின் வரும்னு அளந்து காட்டினார். அவர் சொல்றதுல தப்பு என்ன இருக்கு? எங்க ஊர்ல பாதி முதலாளிங்க நாலு மெஷின்ல ஆரம்பிச்சவங்கதான்.

மெஷின் வாங்கினா யார் பாத்துக்கறது? இவன்தான். அப்ப காலேஜ்? கரஸ்ல படிச்சுக்கலாம்பார். டீம்? அதை அவர்கிட்ட கேக்கற தைரியம் எனக்கு இல்ல.

போன ஞாயித்துக்கிழமை போன் வந்தப்ப எல்லாத்தையும் சொன்னேன். புது அட்மிஷன்தான், முதல் வருஷத்துல இருந்து, டீம்ல ரெண்டு வருஷம் நிச்சயம், மூணாவது வருஷம் பொறந்த தேதிய பொறுத்து. மாமா எந்திரிச்சு நின்ன கதையையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிருச்சுன்னு நினைச்சேன்.

"நானும் எந்திரிச்சு நிப்பேன்டா," ன்னான்.

"நின்னா என்ன? சிரிப்பாங்க. உக்காரு."

"நீ இருக்க மாட்டியே அப்ப."

இருக்க மாட்டேன்தான். அவன் வரும்போது நான் ஏதாவது ஆடிட்டர் ஆபீஸ்ல ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுட்டு இருப்பேன். அந்த ஜன்னல் ஓரத்துல அவன் பக்கத்துல இப்ப ப்ளஸ் ஒன் படிச்சுட்டு இருக்கற யாரோ ஒரு பையன் உக்காருவான். பரிட்சை அன்னிக்கு நான் போகாதது மறுபடியும் நெஞ்சுக்குள்ள வந்து நின்னுது. சொல்லிரலாம்னு வாயெடுத்தேன். அவன் அதுக்குள்ள, அவங்க கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் நடந்த மேட்ச்ல ரைட் விங்ல இறக்குனாங்கன்னும், ஒரு கோல் போட்டேன்னும் ஆரம்பிச்சுட்டான். (பட்டாளத்துல கம்பெனின்னா நூறு பேர் இருக்கற பிரிவு. நான் முதல் தடவை கேட்டப்ப பனியன் கம்பெனின்னு நினைச்சேன்.) அந்த உயரத்துல ரெண்டு ஓட்டம் ஓடினாலே மூச்சு வாங்குமாம். அப்பறம், அவனோட ஃபைனான்சியல் அக்கவுண்டிங் புக்க பழைய பேப்பருக்குப் போட்டுராதேன்னான். சிலபஸ் மாறிரும்டான்னேன். மாறினா மாறட்டும், டெபிட் கிரெடிட் மாறாதுல்லன்னான்.

அவனோட பூட்ஸ் எங்க வீட்லதான் இருக்கு. எட்டாம் நம்பர். போன மாசம் எடுத்துப் பாத்தப்ப வலது கால்ல சோல் பேந்திருந்துது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தர்கிட்ட குடுத்து தச்சு வாங்கினேன், எம்பது ரூபா. அவன் பேர்ல எழுதி வச்சிருக்கேன்.